கிடப்பில் கிடக்கும் வழக்குக்கு போட்காஸ்ட்: புலனாய்வுக் குழுவுக்கான முழுமையான வழிகாட்டி

2018 செப்டம்பரில், அமெரிக்காவின் கலிபோர்னியாவில் உள்ள நியூபோர்ட் பீச் நகரக் காவல்துறை ஆறு பகுதிகள் கொண்ட ஒரு போட்காஸ்டை வெளியிட்டது. தயாரித்தது ஊடக நிறுவனம் இல்லை, காவல்துறையேதான். மனைவியைக் கொன்ற குற்றச்சாட்டில் கைதாகி, ஜாமீனில் வந்து, 2015-ல் தலைமறைவான பீட்டர் சாட்விக்கைத் தேடுவதுதான் நோக்கம். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் அவர் மெக்சிகோவில் பிடிபட்டார். போட்காஸ்ட்தான் பிடித்துக் கொடுத்தது என்று ஒரே வரியில் சொல்லிவிட முடியாது. பரிசுத்தொகையும் இருந்தது, முக்கியக் குற்றவாளிகள் பட்டியலில் பெயரும் இருந்தது. ஆனால் யாரும் பேசாமல் போயிருந்த ஒரு பெயரை மறுபடியும் மக்கள் காதுக்குக் கொண்டுபோனதில் அந்த ஆறு பகுதிகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

அதற்குப் பிறகு போட்காஸ்ட் தொடங்கும் ஆசை பல காவல்துறைகளுக்கு வந்திருக்கிறது. ஆசை சரிதான். சிக்கல் என்னவென்றால், பலரும் மைக் வாங்குவதில் ஆரம்பிக்கிறார்கள். மைக் இந்த வேலையில் கடைசிக்கு முந்தைய கவலை. எத்தனை லட்சம் பேர் கேட்டாலும், வழக்கு துலங்கத் தேவைப்படுவது விஷயம் தெரிந்த ஒரே ஒருவர். அவர் யாராக இருக்கலாம், ஏன் இத்தனை நாள் வாய் திறக்கவில்லை, எதைக் கேட்டால் தொலைபேசியை எடுப்பார், எடுத்தால் மறுமுனையில் யார் பேசுவார்கள் என்ற கேள்விகளுக்கு விடை வைத்திருக்கும் குழுவுக்கே போட்காஸ்ட் உதவும். மற்றவர்களுக்கு அது நல்ல விளம்பரம், அவ்வளவுதான்.

படி 1: வழக்கைத் தேர்ந்தெடுப்பது

எல்லாப் பழைய வழக்குக்கும் போட்காஸ்ட் பொருந்தாது. வழக்கு எதனால் நின்றது என்று முதலில் பாருங்கள். பரிசோதிக்காத ரத்தக்கறை பெட்டிக்குள் இருக்கிறதென்றால் போக வேண்டிய இடம் தடயவியல் ஆய்வகம், ஒலிப்பதிவுக் கூடம் இல்லை. கலிபோர்னியாவைப் பல ஆண்டுகள் நடுங்க வைத்த தொடர் கொலையாளி ஜோசப் டிஏஞ்சலோ 2018 ஏப்ரலில் கைதானது, டி.என்.ஏ.-வை வம்சாவளித் தரவுத்தளத்தில் ஒப்பிட்டுப் பார்த்ததால். அங்கே கதை சொல்லி ஆகவேண்டியது எதுவும் இல்லை.

போட்காஸ்டுக்கு ஏற்றது, யாருக்கோ விஷயம் தெரிந்திருந்தும் பேசாமல் இருந்ததால் நின்றுபோன வழக்கு. இந்த மாதிரி வழக்குகளில் காலம் நமக்குச் சாதகமாகவும் வேலை செய்கிறது. அன்றைக்குக் காதலியாக இருந்தவர் இன்று பிரிந்துபோன மனைவி. அன்றைக்குப் பயந்து வாய்மூடிய பையனுக்கு இன்று அதே வயதில் மகள் இருப்பாள். மிரட்டி வைத்திருந்தவரே இறந்துபோயிருக்கலாம். தடயம் பழசாகிக்கொண்டே போகும், விசுவாசமும் கூடவே பழசாகும்.

ஒரு சோதனை செய்து பாருங்கள். நீங்கள் தேடும் சாட்சியைப் பெயர் இல்லாமல் ஒரு பத்தியில் விவரியுங்கள்: அப்போது சுமாரான வயது, எங்கே இருந்தார், எதைப் பார்த்திருப்பார் அல்லது கேட்டிருப்பார், ஏன் சொல்லவில்லை. அந்தப் பத்தியை எழுத முடியாவிட்டால் வழக்கை மறுபடி அலமாரியில் வைத்துவிட்டு வேறொன்றை எடுங்கள்.

படி 2: கோப்பை முதலில் நீங்களே சந்தேகப்படுங்கள்

ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் 1980-ல் மரியா ஜேம்ஸ் என்ற பெண் தன் புத்தகக் கடையோடு ஒட்டிய வீட்டில் கொல்லப்பட்டார். 2017-ல் அந்நாட்டின் பொது ஒலிபரப்பு நிறுவனம் இந்த வழக்கைப் பற்றி ஒரு போட்காஸ்ட் செய்தது. அந்தச் சமயத்தில்தான் சங்கடமான ஓர் உண்மை வெளிவந்தது: சந்தேக நபர்களைப் பட்டியலிலிருந்து நீக்கப் பயன்படுத்திய டி.என்.ஏ., இந்த வழக்குக்குச் சம்பந்தமே இல்லாத வேறொரு வழக்கின் பொருளில் இருந்து வந்தது. தடயப் பொருள் இடம் மாறியிருந்தது. குற்றமற்றவர் என்று ஒதுக்கப்பட்டவர்கள் எல்லாரையும் மறுபடி பார்க்கவேண்டிய நிலை.

இப்படி ஒரு குளறுபடி உங்கள் கோப்பிலும் இருக்கலாம். நிகழ்ச்சி வெளிவந்த பிறகு யாரோ ஒரு நிருபர் கண்டுபிடிப்பதைவிட, முன்னாடியே நீங்கள் கண்டுபிடிப்பது நல்லது. ஆகவே ஸ்கிரிப்ட் எழுதும் முன்பு ஒவ்வொரு தடயப் பொருளையும் நேரில் எடுத்துப் பாருங்கள். பதிவேட்டில் இருக்கிறது என்பது போதாது. உறை, முத்திரை, வழக்கு எண், யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்ற தொடர்ச்சி எல்லாம் பொருந்துகிறதா பாருங்கள். கைப்பட எழுதிய வாக்குமூலங்களை ஸ்கேன் செய்து, தேடக்கூடிய வடிவில் தட்டச்சு செய்து வையுங்கள். இது ஏன் அவசியம் என்று 9-ஆவது படியில் புரியும்.

ஓய்வுபெற்ற அதிகாரிகளைப் போய்ப் பாருங்கள். கோப்பில் ஏறாத விஷயங்கள் அவர்களின் பழைய நாட்குறிப்பில் இருக்கும். “அந்த ஆள் மேல எனக்கு அப்பவே ஒரு சந்தேகம்” என்று சொல்வார்கள். குறித்துக்கொள்ளுங்கள், ஆனால் அதைப் போட்காஸ்டில் ஏற்றாதீர்கள்.

படி 3: சொல்லக்கூடாதவற்றின் பட்டியல்

என்ன சொல்லப்போகிறோம் என்பதற்கு முன், என்ன சொல்ல மாட்டோம் என்று எழுதிவைக்க வேண்டும். செய்தவருக்கும் காவல்துறைக்கும் மட்டுமே தெரிந்த சில விவரங்கள் எப்போதும் கைவசம் இருக்கவேண்டும். உடல் கிடந்த நிலை, காணாமல்போன ஒரு பொருள், கட்டியிருந்த முடிச்சின் வகை, கதவு பூட்டியிருந்ததா இல்லையா என்பது போன்றவை. நாளைக்கு ஒருவர் வந்து “நான்தான் செய்தேன்” என்றாலோ, “அவன் என்னிடம் சொன்னான்” என்றாலோ, உண்மையா என்று சோதிக்க இருக்கும் ஒரே அளவுகோல் இதுதான். பிரபலமான வழக்குகளில் பொய்யாக ஒப்புக்கொள்ள வருபவர்கள் குறைவில்லை.

பட்டியலை மூன்றாகப் பிரித்தால் வேலை சுலபம். முதலாவது, எப்போதும் வெளியே போகாதவை. இரண்டாவது, ஏற்கெனவே பழைய செய்தித்தாள்களில் வந்துவிட்டவை. அன்றைய செய்திகளை ஒன்றுவிடாமல் தேடிப் படிக்காமல் இதை முடிவு செய்யாதீர்கள், நீங்கள் ரகசியம் என்று நினைப்பது அன்றைக்கே மூன்றாம் பக்கத்தில் வந்திருக்கும். மூன்றாவது வகைதான் சுவாரசியமானது: இதுவரை வெளிவராதவை, ஆனால் இப்போது வெளியிட்டால் யாருக்காவது நினைவைத் தட்டி எழுப்பக்கூடியவை.

இந்த மூன்றாம் வகைக்கு ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது, போட்காஸ்ட் இல்லை என்றாலும். 1992-ல் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் நகரில் ஓர் ஆற்றில் அடையாளம் தெரியாத பெண்ணின் உடல் கிடைத்தது. 2023 மே மாதம் இன்டர்போலும் நெதர்லாந்து, பெல்ஜியம், ஜெர்மனி காவல்துறைகளும் சேர்ந்து, அடையாளம் தெரியாத 22 பெண்களைப் பற்றிய விவரங்களைப் பொதுவெளியில் வைத்தன. அந்த ஆற்றுப் பெண்ணின் கையில் பச்சை இலைகளோடு ஒரு கறுப்பு ரோஜா பச்சை குத்தியிருந்தது. பிரிட்டனில் இருந்த அவருடைய குடும்பத்தினர் செய்தியில் அந்த ரோஜாவைப் பார்த்து அடையாளம் சொன்னார்கள். ரீட்டா ராபர்ட்ஸ் என்ற பெயர் 31 ஆண்டுகள் கழித்து அவருக்குத் திரும்பக் கிடைத்தது.

உயரம், நிறம், உடல்வாகு எல்லாம் ஆயிரம் பேருக்குப் பொருந்தும். ரோஜா ஒருவருக்குத்தான் பொருந்தும். உங்கள் கோப்பில் அந்த ரோஜா எது என்று தேடுங்கள்.

படி 4: குடும்பம்

பாதிக்கப்பட்டவரின் குடும்பத்துக்கு முதல் எபிசோடு வெளியாகும் நாளில் செய்தி போனால் அது பெரிய கொடுமை. நேரில் போய்ப் பேசுங்கள். என்னென்ன விவரங்கள் வெளிவரும், எந்த நாளில் வரும், ஊடகங்கள் வாசலுக்கு வரக்கூடும், முன்பின் தெரியாதவர்கள் சமூக ஊடகத்தில் செய்தி அனுப்புவார்கள் என்பதையெல்லாம் முன்கூட்டியே சொல்லவேண்டும். ஒவ்வொரு எபிசோடையும் வெளியாகும் முன்பு அவர்கள் கேட்க வாய்ப்பு கொடுங்கள். கேட்க விருப்பமில்லை என்றால் அதையும் மதியுங்கள்.

அதே சமயம், திருத்தும் உரிமையை முழுதாகக் கையளித்துவிடக் கூடாது. சில வழக்குகளில் விடை குடும்பத்துக்குள்ளேயே இருக்கும். இதை அவர்களிடம் சொல்ல முடியாது, மறக்கவும் முடியாது. குடும்பத்தோடு தொடர்பில் இருக்கும் அதிகாரியும், துப்புகளைப் பார்க்கும் அதிகாரியும் வெவ்வேறு ஆட்களாக இருப்பது இதற்காகத்தான்.

படி 5: சட்டம்

அரசு வழக்கறிஞரை முதல் நாளிலேயே உள்ளே கொண்டுவாருங்கள். குற்றச்சாட்டு பதிவாகாத எவரையும் பெயர் சொல்லியோ, பெயர் சொல்லாமல் ஊருக்கே புரியும்படியோ சுட்டக்கூடாது. பழைய அவசர அழைப்புப் பதிவுகள், வாக்குமூல ஒலிநாடாக்கள், சிறார் பற்றிய விவரங்கள், பாலியல் குற்றங்களில் பாதிக்கப்பட்டவரின் அடையாளம் ஆகியவற்றுக்கு ஒவ்வொரு நாட்டிலும் தனித்தனிக் கட்டுப்பாடுகள் உண்டு. ஒவ்வொரு ஸ்கிரிப்டிலும் வழக்கறிஞரின் கையெழுத்து இருக்கட்டும்.

படி 6: நீங்களே செய்வதா, வெளியாள் செய்வதா?

இரண்டு வழிக்கும் முன்னுதாரணம் இருக்கிறது. கிறிஸ்டின் ஸ்மார்ட் என்ற மாணவி 1996 மே மாதம் கலிபோர்னியாவின் சான் லூயிஸ் ஒபிஸ்போவில் உள்ள தன் பல்கலைக்கழக வளாகத்திலிருந்து காணாமல் போனார். 2019-ல் கிறிஸ் லாம்பர்ட் என்ற இசைக்கலைஞர், காவல்துறைக்கோ பத்திரிகைக்கோ சம்பந்தமில்லாதவர், இந்த வழக்கைப் பற்றித் தனியாளாக ஒரு போட்காஸ்ட் தொடங்கினார். அதுவரை காவல்துறை விசாரிக்காத சாட்சிகள் அதன்மூலம் தெரியவந்ததாக அந்தக் கவுன்டியின் காவல் தலைவரான ஷெரீஃபே பிறகு வெளிப்படையாகச் சொன்னார். கிறிஸ்டினோடு அதே பல்கலைக்கழகத்தில் படித்த பால் ஃப்ளோரஸ் 2021 ஏப்ரலில் கைதானார். 2022 அக்டோபரில் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது. மறு ஆண்டு, குறைந்தது 25 ஆண்டுகளுடன் கூடிய ஆயுள் தண்டனை. கிறிஸ்டினின் உடல் மட்டும் இன்னும் கிடைக்கவில்லை.

காவல்துறையிடம் சொல்லாதவர்கள் ஓர் இசைக்கலைஞரிடம் ஏன் சொன்னார்கள்? சீருடையைப் பார்த்தால் பயம். முன்பு ஒருமுறை சொல்லப்போய் யாரும் சட்டை செய்யவில்லை என்ற கசப்பு. “இதெல்லாம் ஒரு விஷயமா” என்ற தயக்கம். உங்கள் ஊரில் காவல்துறை மீது நம்பிக்கை குறைவு என்றால் வெளியாளின் குரல்தான் எடுபடும். இதை ஒப்புக்கொள்வதில் அவமானம் ஒன்றும் இல்லை.

வெளியாளோடு சேர்ந்தால் எழுத்தில் ஓர் ஒப்பந்தம் வேண்டும். அவருக்கு வரும் துப்பு எத்தனை மணி நேரத்துக்குள் உங்களிடம் வரவேண்டும், சாட்சியை அவர் நீண்ட பேட்டி எடுக்கும் முன்பு உங்களுக்குத் தகவல் வரவேண்டுமா, திருத்தம் செய்யாத மூல ஒலிப்பதிவுகளை அவர் பாதுகாக்க வேண்டும், நீங்கள் வெளியிட வேண்டாம் என்று கேட்கக்கூடியவை எவை. பதிலுக்கு அவர் உங்களை விமர்சிக்கும் உரிமையை நீங்கள் தொடக்கூடாது. முதல் விசாரணை சொதப்பியிருந்தால் அவர் சொல்லத்தான் செய்வார், சொல்லட்டும். அதை மறைக்கிற நிகழ்ச்சியை விஷயம் தெரிந்த சாட்சி முதல் பத்து நிமிடத்திலேயே அணைத்துவிடுவார்.

நீங்களே தயாரிப்பதென்றால், பேசுவது வழக்கைக் கையில் வைத்திருக்கும் அதிகாரியாகவே இருக்கட்டும். தொழில்முறை அறிவிப்பாளர் வேண்டாம். நாளைக்குத் தொலைபேசியில் பேசப்போகும் குரலைத்தான் அந்த ஒருவர் இன்றைக்குக் கேட்டுப் பழக வேண்டும்.

படி 7: ஸ்கிரிப்ட்

1974-ல் எலிசபெத் லாஃப்டஸ், ஜான் பால்மர் என்ற இரு உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். கார் விபத்துக் காட்சிகளைக் காட்டிவிட்டு, கார்கள் என்ன வேகத்தில் போயின என்று கேட்டார்கள். சிலரிடம் கார்கள் “இடித்தபோது” என்றும், வேறு சிலரிடம் “மோதி நொறுங்கியபோது” என்றும் கேள்வியில் ஒரே ஒரு சொல் மாறியது. நொறுங்கியது என்று கேட்கப்பட்டவர்கள் சராசரியாக மணிக்கு 40.8 மைல் என்றார்கள். இடித்தது என்று கேட்கப்பட்டவர்கள் 34 மைல். எல்லாரும் பார்த்தது ஒரே காட்சிகள்தான்.

ஒரு சொல்லுக்கே இந்தப் பாடு என்றால், பின்னணி இசையோடு நாற்பது நிமிடம் கதை சொன்னால் சாட்சியின் நினைவு என்னவாகும்? பழைய வழக்கில் நமக்கு இருக்கும் பெரிய சொத்து, கலப்படம் ஆகாத நினைவுதான். அதை நம் நிகழ்ச்சியே கெடுத்துவிடக் கூடாது.

ஒரு கற்பனை வழக்கை வைத்துப் பார்ப்போம். இரவு நேரம், மழை, பேருந்து நிறுத்தத்தில் நின்ற ஓர் இளம்பெண் காணாமல் போகிறார். கோப்பில், அருகே ஒரு வெள்ளை வேன் நின்றதாக ஒரே ஒருவர் சொல்லியிருக்கிறார். முதல் வரைவு பெரும்பாலும் இப்படி வரும்:

“அந்தக் கொடூர இரவில், இருளில் பதுங்கியிருந்த வெள்ளை வேன் ஒன்று அவளுக்காகக் காத்திருந்தது. அந்த வேனை நீங்கள் பார்த்தீர்களா?”

இதைக் கேட்ட யாருக்கும் வெள்ளை வேன் நினைவுக்கு வரும், அந்த இரவில் வந்த எல்லா வண்டியும் வெள்ளையாகும். வேன் பதுங்கியதா, காத்திருந்ததா என்பதற்கும் ஆதாரம் இல்லை. திருத்தி எழுதினால்:

“அன்று இரவு ஒன்பது மணிக்கும் பத்து மணிக்கும் நடுவில் அந்தப் பேருந்து நிறுத்தத்தைக் கடந்து போனவர்களிடம் பேச விரும்புகிறோம். நீங்கள் நடந்து போயிருக்கலாம், வண்டியில் போயிருக்கலாம். விசேஷமாக எதையும் பார்த்ததாக உங்களுக்குத் தோன்றாமலும் இருக்கலாம். பரவாயில்லை, அங்கே இருந்தேன் என்று மட்டும் சொல்லுங்கள். மீதியை நாங்கள் கேட்டுக்கொள்கிறோம்.”

வேன் இப்போது படி 3-இன் முதல் பட்டியலுக்குப் போய்விட்டது. அழைப்பவர் தானாக வந்து வேனைப் பற்றிச் சொன்னால் அதற்கு மதிப்பு பல மடங்கு.

கேட்பவருக்கு அன்றைய நாளை நினைவூட்டவும் வேண்டும், இல்லையா? அதற்கு வழக்குக்கு வெளியே உள்ள விஷயங்களைப் பயன்படுத்துங்கள். அந்த வாரம் நடந்த தேர்தல், அன்றைய விளையாட்டு இறுதிப் போட்டி, பெய்த மழை, பள்ளி விடுமுறை. தேதியைச் சொன்னால் யாருக்கும் நினைவு வராது. “அந்த மேட்ச் நடந்த ராத்திரி” என்றால் எங்கே இருந்தோம் என்று பலருக்கும் வரும்.

பாதிக்கப்பட்டவரைக் கொஞ்ச நேரம் உயிரோடு காட்டுங்கள். அவருக்குப் பிடித்த வேலை, அவர் சிரிக்கும் விதம், தம்பியோடு போட்ட சண்டை. இது உருக்கத்துக்காக மட்டும் இல்லை. ரகசியத்தைச் சுமப்பவருக்கு, சுமப்பது ஒரு கோப்பு எண்ணை இல்லை, ஒரு மனிதரை என்று படவேண்டும். அப்புறம், அந்த ஒருவரிடம் நேராகப் பேசுங்கள். திட்டாதீர்கள். “இத்தனை வருஷம் மறைத்தீர்களே” என்ற தொனி ஒரு துளி எட்டிப்பார்த்தாலும் அவர் அழைக்க மாட்டார். “அப்போது சொல்ல முடியாத சூழ்நிலை இருந்திருக்கும், இப்போது மாறியிருக்கலாம்” என்பது போதும்.

ஒவ்வொரு எபிசோடுக்கும் கேள்வி ஒன்று, ஒன்றே ஒன்று. மூன்று கேள்வி கேட்டால் மூன்றுக்கும் பதில் வராது.

படி 8: ஒலிப்பதிவு

இதில் அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. திரைச்சீலையும் தரைவிரிப்பும் உள்ள சிறிய அறை, வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் ஒரு டைனமிக் மைக், எதிரொலி இல்லாத பேச்சு. ஒலி அளவு ஸ்டீரியோவுக்கு மைனஸ் 16 எல்.யு.எஃப்.எஸ். (காதுக்குக் கேட்கும் சத்தத்தை அளக்கும் அலகு), மோனோவுக்கு மைனஸ் 19 என்பது பரவலான வழக்கம். பேச்சுக்கு மோனோவே போதும். விளம்பரம் கூடவே கூடாது. பயமுறுத்தும் இசையும் வேண்டாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம். சாட்சியின் குரலை மறைக்கச் சுருதியை ஏற்றி இறக்கினால், அதே கருவியால் யார் வேண்டுமானாலும் திருப்பிவிடலாம். பேச்சின் தாளமும் அப்படியே இருப்பதால் தெரிந்தவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். அடையாளம் வெளியே போகக்கூடாது என்றால் அவருடைய சொற்களை இன்னொருவர் படிக்கட்டும், படிப்பது இன்னொருவர் என்றும் சொல்லிவிடுங்கள். இணையத்தில் ஏற்றும் புகைப்படங்களில் எடுத்த இடமும் நேரமும் உள்ளே பதிந்திருக்கும், அழித்துவிட்டு ஏற்றுங்கள். முழு எழுத்து வடிவத்தையும் கூடவே போடுங்கள். காது கேளாதவர்களுக்கும், அன்றைக்கு அங்கே வசித்துவிட்டு வேறு நாட்டுக்குப் போனவர்களுக்கும் அது தேவை. அந்தப் பகுதியில் அப்போது வேறு மொழி பேசுபவர்கள் இருந்திருந்தால் அந்த மொழியிலும் போடுங்கள்.

படி 9: துப்பு மேசை

முழு வேலையின் உயிர்நாடி இதுதான். மற்ற எதற்குப் பணம் குறைந்தாலும் இதற்குக் குறையக்கூடாது.

காரணம் சொல்ல இங்கிலாந்துக்குப் போகவேண்டும். 1979 ஜூனில், பல பெண்களைக் கொன்றுவந்த ‘யார்க்‌ஷயர் ரிப்பர்’ வழக்கை விசாரித்த ஜார்ஜ் ஓல்ட்ஃபீல்டுக்கு ஓர் ஒலிநாடா வந்தது. பேசியவர், தானே கொலையாளி என்றார். உச்சரிப்பு வடகிழக்கு இங்கிலாந்தின் வியர்சைடு பகுதியைச் சேர்ந்தது. காவல்துறை அந்தக் குரலை நாடு முழுக்க ஒலிபரப்பியது, தொலைபேசி எண்ணைச் சுழற்றினாலே கேட்கலாம் என்று ஏற்பாடு செய்தது. இன்றைய போட்காஸ்டுக்கு ஏறக்குறைய மூதாதை. அழைப்புகள் வெள்ளமாக வந்தன. எல்லாமே அட்டைகளில் எழுதிப் பெட்டிகளில் அடுக்கப்பட்டன. அந்த உச்சரிப்பு இல்லாதவர்கள் சந்தேக வட்டத்திலிருந்து நழுவினார்கள். உண்மையான கொலையாளி பீட்டர் சட்கிளிஃபுக்கு அந்த உச்சரிப்பு கிடையாது. விசாரணைக் காலத்தில் அவரைக் காவல்துறை ஒன்பது முறை விசாரித்து விட்டுவிட்டது. ஒலிநாடாவுக்குப் பிறகு மேலும் மூன்று பெண்கள் கொல்லப்பட்டார்கள். 1981 ஜனவரியில்தான் அவர் பிடிபட்டார். ஒலிநாடா அனுப்பிய ஜான் ஹம்பிள் வெறும் ஏமாற்றுக்காரர். கடித உறையில் இருந்த டி.என்.ஏ. அவரைக் காட்டிக்கொடுத்தது, 2006-ல் எட்டு ஆண்டு சிறை. அட்டைப் பெட்டிகள் பட்ட பாட்டைப் பார்த்துத்தான் பிரிட்டன் காவல்துறைகள் 1980-களின் நடுவில் ‘ஹோம்ஸ்’ என்ற கணினி முறைக்கு மாறின.

ஆகவே, முதல் எபிசோடுக்கு முன்பே மேசை தயாராக இருக்கட்டும். ஒரே தொலைபேசி எண், ஒரே இணையப் படிவம். பெயர் சொல்லாமல் தகவல் தரவும் ஒரு வழி. பெயர் சொல்லாத அழைப்புக்கு நல்ல வரலாறு உண்டு: 1976-ல் அமெரிக்காவின் அல்புகர்க்கியில் கிரெக் மெக்அலீஸ் என்ற துப்பறிவாளர் ஒரு கொலையை நடித்துக் காட்டி உள்ளூர்த் தொலைக்காட்சியில் ஒளிபரப்பச் செய்தார், அழைப்பவர் பெயர் சொல்ல வேண்டாம் என்றார். சில நாட்களிலேயே துப்பு வந்தது. ‘க்ரைம் ஸ்டாப்பர்ஸ்’ அங்கிருந்துதான் பரவியது.

தொலைபேசியை எடுப்பவர் வழக்கைப் படித்தவராக இருக்கவேண்டும், ஆனால் ரகசியப் பட்டியல் அவருக்குத் தெரியவேண்டிய அவசியமில்லை. தெரியாததைத் தவறிக்கூட அவரால் சொல்லிவிட முடியாது. அழைப்பு ஏறத்தாழ இப்படிப் போகலாம்:

“சொல்லுங்க, அவசரமில்ல. உங்களுக்குத் தெரிஞ்சதை உங்க வழியிலேயே சொல்லுங்க, நான் நடுவுல பேச மாட்டேன்.”

“அது வந்து... அன்னைக்கு அந்த நிறுத்தத்துல ஒரு வண்டி நின்னுச்சு.”

“சரி. அந்த வண்டியைப் பத்திச் சொல்லுங்க.”

“வேன் மாதிரி. பின்கதவு முழுசா மூடல.”

“இது நீங்க நேர்ல பார்த்ததா, யாராவது சொல்லிக் கேட்டதா?”

“நானே பார்த்தேன். எங்க அண்ணன்கூட வந்துட்டு இருந்தேன்.”

“நல்லது. எங்க நிகழ்ச்சியில எது வரைக்கும் கேட்டிருக்கீங்க? வேற எங்கயாவது இதைப் பத்திப் படிச்சீங்களா, யார்கிட்டயாவது பேசினீங்களா?”

“என்ன நிறம்? வெள்ளையா?” என்று அதிகாரி கேட்கவில்லை. கவனித்தீர்களா? கடைசிக் கேள்விதான் பின்னால் நீதிமன்றத்தில் காப்பாற்றும். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் “நீங்கள் போட்காஸ்டில் கேட்டதைத்தான் சொல்கிறீர்கள்” என்பார். முதல் அழைப்பிலேயே, எந்த எபிசோடுக்குப் பிறகு, என்ன தெரிந்துகொண்டு பேசினார் என்று நேரத்தோடு பதிவாகியிருந்தால் அந்த வாதம் நிற்காது. பின்கதவு எந்த எபிசோடிலும் வரவில்லை. அண்ணனைத் தனியாகப் பார்க்கவேண்டும், இவர் அவரோடு மறுபடி பேசும் முன்பே.

வரும் துப்புகளை அன்றைக்கே தரம் பிரியுங்கள். நேரில் கண்டது, நேரில் கேட்டது முதலில். யாரோ சொல்லிக் கேட்டது இரண்டாவது, ஆனால் அந்த யாரோ யார் என்று விடாமல் பிடித்துப் போகவேண்டும். ஊகமும் கனவும் கிரகபலனும் மூன்றாவது. மூன்றாவதையும் பதிவு செய்யுங்கள், கனவு என்று சொல்லிக்கொண்டு உண்மையைச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். ஒவ்வொரு பெயரையும் பழைய கோப்பில் தேடுங்கள். 2-ஆவது படியில் தட்டச்சு செய்தது இதற்குத்தான். அன்றைக்கே கோப்பில் இருந்து, யாரும் திரும்பப் பார்க்காத பெயர் மறுபடி வரும்போது நிமிர்ந்து உட்காருங்கள்.

அழைத்த எல்லாருக்கும் ஒருமுறையாவது திருப்பி அழையுங்கள். சிலர் முதல் அழைப்பில் பாதிதான் சொல்வார்கள், உங்களை எடை போட்டுப் பார்ப்பதற்காக.

சந்தேக நபரும் கேட்பார் என்பதை மறக்கவேண்டாம். அதுவும் ஒரு வாய்ப்புதான். ஃப்ளோரஸ் வழக்கில் குடும்பத்தின் தொலைபேசிகளை அனுமதியோடு ஒட்டுக்கேட்டபோது, போட்காஸ்டைக் கேள், எங்கெங்கே ஓட்டை போடலாம் என்று பார்ப்போம் என்ற தொனியில் ஒரு பேச்சு பதிவானது. பின்னர் நீதிமன்றத்தில் அது எடுத்துக்காட்டப்பட்டது. கண்காணிப்புக்கு அனுமதி வாங்குவதானால், எபிசோடு வெளியாகும் தேதிக்கு முன்பே வாங்கிவிடுங்கள்.

படி 10: வெளியீடு

வாரம் ஒன்று போதும். வழக்கின் ஆண்டு நினைவு நாளை ஒட்டி வெளியிட்டால் உள்ளூர் ஊடகங்கள் தானாக எடுத்துப் பேசும். வந்த துப்புகளை ஆராய நேரம் வேண்டும் என்றால் நடுவில் ஒரு வாரம் விட்டுப்போனாலும் தப்பில்லை. எல்லா எபிசோடையும் முன்னதாகவே பதிவு செய்து பூட்டி வைக்காதீர்கள், மூன்றாவது எபிசோடுக்குள் வழக்கே திசை மாறலாம். பதிவிறக்க எண்ணிக்கையைப் பார்த்து மயங்கவும் வேண்டாம். எந்தப் பகுதியில் கேட்கிறார்கள் என்ற தோராய வரைபடம் மட்டும் பயன்படும்: குற்றம் நடந்த ஊரில் கேட்பவர்கள் குறைவென்றால், அங்கே சுவரொட்டி ஒட்டுங்கள்.

படி 11: அமெச்சூர் துப்பறிவாளர்கள்

நிகழ்ச்சி பிரபலமானால் ஒரு கூட்டம் வரும். பலர் உண்மையிலேயே கெட்டிக்காரர்கள். அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் உள்ள ஆலன்ஸ்டவுனில், 1985-லும் 2000-லும் பீப்பாய்களில் கிடைத்த நான்கு உடல்களில் மூவரின் பெயர் 2019-ல் உறுதியானதற்கு, ஓய்வுநேரத்தில் ஆராய்ந்துகொண்டிருந்த ஒரு நூலகரின் தேடல் பெரிதும் உதவியது. அதே கூட்டத்தில், அப்பாவி ஒருவரின் வீட்டு முகவரியைப் பரப்புபவர்களும் இருப்பார்கள். ஆவணத் தேடல், பழைய செய்தித்தாள், பழைய புகைப்படம் ஆகியவற்றில் உதவி கேளுங்கள். சாட்சிகளைத் தொடர்புகொள்ள வேண்டாம் என்று ஒவ்வொரு எபிசோடிலும் சொல்லுங்கள். தவறாகக் குறிவைக்கப்பட்டவருக்கு விஷயத்தில் சம்பந்தமில்லை என்பது உறுதியானால், தயங்காமல் வெளிப்படையாக அறிவித்துவிடுங்கள். அது உங்கள் கடமை.

படி 12: கைதுக்குப் பிறகு

ஆஸ்திரேலியாவில் லினெட் டாசன் என்ற பெண் 1982-ல் சிட்னியில் காணாமல் போனார். 2018-ல் ஒரு நாளிதழ் தயாரித்த போட்காஸ்ட் உலகம் முழுக்கக் கேட்கப்பட்டது. அந்த ஆண்டு டிசம்பரில் கணவர் கிறிஸ் டாசன் கைதானார். உடனே எழுந்தது, இவ்வளவு விளம்பரத்துக்குப் பிறகு நியாயமான விசாரணை சாத்தியமா என்ற கேள்வி. 2019-ல் அந்தப் போட்காஸ்ட் ஆஸ்திரேலியாவில் கேட்க முடியாதபடி நீக்கப்பட்டது. விசாரணையை நிரந்தரமாக நிறுத்தக் கோரிய மனு வந்தது, விசாரணை தற்காலிகமாக மட்டும் தள்ளிவைக்கப்பட்டது. கடைசியில் ஜூரி இல்லாமல் நீதிபதி மட்டுமே விசாரித்து, 2022 ஆகஸ்டில் குற்றவாளி என்று தீர்ப்பளித்தார். தீர்ப்பிலேயே போட்காஸ்டின் ஒருபக்கச் சார்பைக் குறைகூறினார். தண்டனை 24 ஆண்டுகள்.

தீர்ப்பு வேறு மாதிரியும் போகலாம். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் 2005-ல் காணாமல்போன ஆசிரியை டாரா கிரின்ஸ்டெட் வழக்கு, 2016-ல் தொடங்கிய ஒரு போட்காஸ்டால் நாடறிந்தது. 2017-ல் கைதான ரயன் டியூக், மரணத்தை மறைத்ததற்கு மட்டுமே தண்டிக்கப்பட்டார். கொலைக் குற்றச்சாட்டிலிருந்து 2022-ல் ஜூரி அவரை விடுவித்தது.

அதனால், கைது நடந்த அன்றே எபிசோடுகளை இறக்குவதா என்று அரசு வழக்கறிஞரைக் கேளுங்கள். வெற்றிக் கொண்டாட்ட எபிசோடு எடுக்காதீர்கள். வெளியான ஒலிக்கோப்புகள், ஸ்கிரிப்ட் வரைவுகள், நீக்கிய பகுதிகள், அழைப்புப் பதிவுகள் எல்லாமே எதிர்த்தரப்பு கேட்கக்கூடிய ஆவணங்கள், ஒன்றையும் அழிக்கக் கூடாது. எந்த எபிசோடு எந்த நாள், எந்த மணிக்கு வெளியானது, பின்னால் திருத்தப்பட்டதா என்ற பதிவேடும் கூடவே இருக்கட்டும்.

கைது நடக்காமலும் போகலாம், அதுதான் அதிகம். அப்போது எபிசோடுகளை அப்படியே விட்டுவையுங்கள். குழு கலைந்தாலும், பொறுப்பதிகாரி மாற்றலாகிப் போனாலும், எபிசோடில் சொன்ன எண் வேலை செய்யவேண்டும். யார் எடுக்கவேண்டும் என்பதைப் பதவியின் பெயரில் எழுதி வையுங்கள், ஆளின் பெயரில் வேண்டாம். மாதம் ஒருமுறை வேறொரு தொலைபேசியிலிருந்து அந்த எண்ணை நீங்களே அழைத்துப் பாருங்கள்.